இரண்டு பல்லா, இரண்டு சுற்றா? (பஜிரோ டைமிங் பெல்ற்)

வன்னிப்புழுதி:
கோவைடீசல் நேற்று வேறொரு திரியில் எழுதிவிட்டுப் போன வரி: "வீட்டு வாசலில் டைமிங் பெல்ட் மாற்றி, இரண்டு பல் திருப்பி டென்ஷனரை முடுக்கினேன் என்பவன் இன்ஜினுக்குக் கொள்ளி வைக்கிறான். இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும்."

புதுசாக வாசிக்கிறவர்களுக்கு: டைமிங் பெல்ற் என்பது கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வ்களைத் திறக்கிற கேம் தண்டுக்கும் டீசல் பம்புக்கும் கொண்டு போகிற பல்லுள்ள பெல்ற். அதை விறைப்பாக வைத்திருக்கிற சில்லுத்தான் டென்ஷனர். வாசித்ததில் இருந்து நித்திரை இல்லை. போன கிழமைதான் கிளிநொச்சியில் வீட்டு மாமரத்தின் கீழே என் பஜிரோவுக்குப் பெல்ற் மாற்றினேன். 4டி56 டீசல் இன்ஜின், 2477 சிசி, பழைய எட்டு வால்வ். 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்திய நாள் முதல் இதைத்தான் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறேன். 2025-இல் திரும்பத் திறந்தும் புதுசு வாங்குகிற காசு என்னிடம் இல்லை. கராஜில் கூலி மட்டும் நாற்பதாயிரம் கேட்டார்கள்.

விசிறியைக் கழற்றி, ஐந்தாம் கியரில் போட்டு, மனிசியை பிரேக்கில் ஏறி மிதிக்கச் சொல்லி, நாலடிக் குழாயைச் செருகித்தான் கிராங்க் போல்ற் அசைந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார். கேம், பம்ப், கிராங்க் மூன்று குறியும் நேர். பெல்ற்றைப் போட்டேன். டென்ஷனரின் இரண்டு போல்ற்றையும் தளர்த்தி ஸ்பிரிங்கின் இழுவைக்கு விட்டேன். கிராங்கை வலஞ்சுழியாக, கேம் சக்கரக் கணக்கில் இரண்டு பல். முதலில் நீள்துளைப் பக்கத்துப் போல்ற், பிறகு மற்றது. மாறி முடுக்கினால் டென்ஷனரும் சேர்ந்து சுழன்று பெல்ற் விறைத்துப் போகும். கம்பனியின் வேர்க்ஷொப் புத்தகத்தில் இருப்பதும் இதுதான். இரண்டு பல்.

கோவைடீசல்:
வாங்க வாங்க. மாமரத்தடி வொர்க்ஷாப். தேங்காய் மட்டையில் டார்க் ரெஞ்ச் செய்தீர்களா?

நான் 22 வருஷமாக டீசலில் கை வைக்கிறேன். டொயோட்டா குவாலிஸ் மட்டும் எத்தனை என்று எண்ணவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறி திரும்ப வந்து நிற்கிறதா என்று பார்க்காமல் கவரை மூடியதே கிடையாது. இரண்டு பல் நகர்த்தினால் எந்தக் குறி எங்கே வந்து நிற்கும்? அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் முடுக்குகிறவனைத்தான் கொள்ளி வைக்கிறவன் என்றேன். திரும்பவும் சொல்கிறேன். இரண்டு சுற்று.

அப்புறம் அது பெல்ட். பெல்ற் இல்லை. சரியாக எழுதத் தெரியாத பொருளைக் கழற்றலாமா?

வன்னிப்புழுதி:
பெல்ற்தான். நாங்கள் ரயர், பெல்ற், போல்ற் என்றுதான் எழுதுவோம். உங்கள் ட் எங்கள் ஊரில் செல்லாது. இன்ஜின் ஓடுகிறதா என்று கேளுங்கோ. ஓடுகிறது.

ஏன் இரண்டு பல் என்று யோசித்தீர்களா அண்ணை? கிராங்க் திரும்ப, கேம் வால்வ் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டும். அதை இழுக்கிற பக்கம் பெல்ற் விறைக்கும், மிச்சத் தளர்வெல்லாம் டென்ஷனர் பக்கம் வந்து சேரும். ஸ்பிரிங் அதை வாங்கிக்கொண்டதும் முடுக்க வேண்டும். அதனால்தான் இடஞ்சுழியாகத் திருப்பவே கூடாது என்கிறார்கள். திருப்பினால் தளர்வு மற்றப் பக்கம் போய்விடும். இது அந்தரமா?

புதுபஜிரோ:
வணக்கம். நானும் 4டி56தான், இன்று காலையில் துணிந்து தொடங்கிவிட்டேன். பெல்ட்டை உருவியதும் பம்ப் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பிவிட்டது. இது சாதாரணமா? வண்டி போர்ட்டிகோவில் நிற்கிறது.

மட்டுநகர்டெலிகா:
வாத்தியார்மாரே, இவ்வளவு எழுதினீர்களே, ஒருவராவது சின்னப் பெல்ற்றைப் பற்றி எழுதினீர்களா? 4டி56-இல் பெல்ற் இரண்டு. உள்ளே இருக்கிற சின்னது அதிர்வைக் குறைக்கிற பலன்ஸ் தண்டுகளைச் சுற்றுகிறது. அந்தத் தண்டுகள் கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகின்றன. என் டெலிகா வானில் போன தடவை கராஜ்காரர் பெரிசை மட்டும் மாற்றிவிட்டு முழுக்காசும் வாங்கினார். ஏழு மாதம். சின்னது அறுந்து, நூல் நூலாகப் பிரிந்து பெரிசுக்குள் புகுந்து, அதையும் இழுத்துப் பல்லைத் தாண்ட வைத்தது. கவரைத் திறந்தபோது வால்வை அழுத்துகிற ரொக்கர் ஆம்கள் விறகு மாதிரி முறிந்து கிடந்தன. அவை முறிந்ததால்தான் வால்வ் தப்பியது.

கோவைடீசல்:
டெலிகா நண்பரே, அதற்குத்தான் சொல்கிறேன், இரண்டு சுற்று சுற்றியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மட்டுநகர்டெலிகா:
மாற்றாத பெல்ற் பழசு என்று இரண்டு சுற்றில் எப்படித் தெரியும்? சுற்றும்போது அழுமா?

அரைகுறை_மெக்கானிக்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பல் என்பது டென்ஷன் வைக்கிற கட்டம். இரண்டு சுற்று என்பது எல்லாம் முடுக்கிய பிறகு, கையால் சுற்றி, குறியைச் சரிபார்க்கிற கட்டம். இரண்டையும் செய்யலாமே?

கோவைடீசல்:
பெயரிலேயே அரைகுறை என்று போட்டுக்கொண்டு வந்து பஞ்சாயத்தா? நான் கட்டம் கட்டமாகப் பேசவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். இரண்டு சுற்றா, இல்லையா?

வன்னிப்புழுதி:
தம்பி அரைகுறை, நடுவில் நிற்காதேங்கோ. அவர் இரண்டு பல்லைக் கொள்ளி என்று எழுதினார். அதை அவர் எடுக்கட்டும், பிறகு கட்டம் பார்ப்போம்.

ரொறன்ரோகுளிர்:
கோவை அண்ணாவிடம் ஒரு சின்னக் கேள்வி. போன வருடம் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) சண்டையில் உங்கள் சொந்த வண்டி பஜிரோ எஸ்எஃப்எக்ஸ் என்று எழுதினீர்கள். திருவள்ளூர்த் தொழிற்சாலையில் பூட்டியது, 2.8 லிட்டர். அதில் இருப்பது 4எம்40 இன்ஜின். 4எம்40-க்கு டைமிங் செயின். பெல்ற்றே கிடையாது. உங்கள் பஜிரோவில் எதை இரண்டு சுற்று சுற்றினீர்கள்?

வன்னிப்புழுதி:
😂😂😂

கோவைடீசல்:
செயின்தான். யார் இல்லை என்றது? செயின் வண்டி வைத்திருப்பவன் பெல்ட்டைப் பற்றிப் பேசக் கூடாதா? டாக்டர் எல்லா நோயும் வந்தவரா? குவாலிஸ் என்று எழுதியதைப் படித்தீர்களா? அதில் பெல்ட்.

கூலன்ட் சண்டையை இழுத்ததற்கு நன்றி. அன்றைக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று வாதாடியது யார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். பனியில் உட்கார்ந்துகொண்டு குழாய்த் தண்ணீர்! இவர் எனக்குச் செயின் பாடம் எடுக்கிறார்.

ரொறன்ரோகுளிர்:
நான் எழுதியது ஊரில் அவசரத்துக்கு, கராஜ் வரைக்கும் என்று. வரியை வெட்டி ஒட்டுவது உங்கள் பழைய வேலை.

புதுபஜிரோ:
அண்ணா, பம்ப் சக்கரம்...

கோவைடீசல்:
தம்பி, கொஞ்சம் பொறுங்க. இங்கே அடிப்படையே ஆடிக்கொண்டிருக்கிறது. நான் ஸ்பானர் பிடித்த முதல் வருஷம், எங்கள் மேஸ்திரி டைமிங் வண்டியைத் தொடவே விடமாட்டார். விளக்கு மட்டும் பிடிக்கச் சொல்வார். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், அவசரத்தில் கையால் சுற்றிப் பார்க்காமல் ஒரு வண்டிக்கு செல்ஃப் அடித்தார்கள். "டக்" என்று ஒரே சத்தம், பிறகு எதுவும் இல்லை. வால்வ் நான்கும் வளைந்து போயிருந்தன. தீபாவளி அன்று ஹெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தோம். நான் இரண்டு சுற்று என்று சொல்வது அந்தச் சத்தத்தைக் கேட்டதால். புத்தகத்தில் படித்து வந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்?

வன்னிப்புழுதி:
சத்தம் கேட்டதற்கு அனுதாபம். ஆனால் அது சரிபார்க்காத கதை. டென்ஷன் இரண்டு பல்லில் வைத்த கதை இல்லை. ஸ்பானரே பிடிக்காத உங்கள் முதல் வருஷத்தை 22-இல் சேர்த்தீர்களா, கழித்தீர்களா?

அரைகுறை_மெக்கானிக்:
அதைத்தானே நானும் சொன்னேன்...

மட்டுநகர்டெலிகா:
புதுபஜிரோ தம்பி, பம்ப் உள்ளே அழுத்தம் இருக்கும், பெல்ற் போனதும் துள்ளும். பயப்படாதேங்கோ. மெல்லக் குறிக்குத் திருப்பி, சக்கரத்தின் துளைக்குள்ளால் ஒரு போல்ற்றைச் செருகிப் பிடித்து வையுங்கோ. பெல்ற் போட்ட பிறகு அதை எடுக்க மறக்கவேண்டாம். சின்னப் பெல்ற்றையும் மாற்றுங்கோ.

புதுபஜிரோ:
மிக்க நன்றி அண்ணா! போல்ட் செருகிவிட்டேன். அடுத்து டென்ஷனர். இரண்டு பல்லா, இரண்டு சுற்றா?

வன்னிப்புழுதி:
இரண்டு பல்.

கோவைடீசல்:
சுற்று. பெல்ட் என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு விளங்கும்.

ரொறன்ரோகுளிர்:
செயின்காரரிடமா கேட்கிறீர்கள்?