களைப்பு என்றார்கள், வயசு என்றார்கள், கடைசியில்தான் சுரப்பி என்றார்கள்: உங்கள் வீட்டு அனுபவங்கள்

செங்கோட்டை மலர்

எங்கள் அத்தையைப் பற்றி எழுதுகிறேன். கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது, எவளுக்காவது உபயோகப்படட்டும்" என்றார்.

அத்தைக்கு இரண்டாவது பிரசவம் வீட்டிலேயே ஆகிவிட்டது. நஞ்சுக்கொடி முழுசாக விழவில்லை, உதிரப்போக்கு நிற்கவே இல்லை. கார் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் நினைவு தப்பிவிட்டது. ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள், பிள்ளையும் பிழைத்தது. ஆனால் அத்தைக்குப் பால் சுரக்கவில்லை. பூண்டு, சுறாப்புட்டு, வெந்தயக் கஞ்சி என்று பாட்டி கொடுக்காத பக்குவம் கிடையாது. கண்ணேறு என்று சுற்றியும் போட்டார்கள். அதற்கப்புறம் மாதவிலக்கும் வரவில்லை. "தொல்லை விட்டதுன்னு இரு" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

பிறகு வருஷக்கணக்கில் அத்தை ஒரு மாதிரியாகவே இருந்தார். சித்திரை வெயிலில் போர்த்திக்கொண்டு படுப்பார். முகம் வெளுத்துப் போய், புருவத்து முடி உதிர்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கும். புகுந்த வீட்டில் சோம்பேறிப் பட்டம். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு தடவை காய்ச்சலும் பேதியும் வந்து மயங்கி விழுந்துவிட்டார். பிபி எடுக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. ரத்தத்தில் சோடியம் 118. சாதாரணமாக 135இலிருந்து 145வரை இருக்க வேண்டியது. உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள், பெரிதாக ஏறவில்லை. இரவு டியூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நின்று என் பாட்டியிடம் கேட்டார்: "கடைசிக் குழந்தைக்கு இவங்க தாய்ப்பால் கொடுத்தாங்களா?" மயங்கிக் கிடப்பவளைப் பற்றி இது என்ன கேள்வி என்று பாட்டிக்குக் கோபமே வந்துவிட்டது. பால் வரவில்லை, உதிரம் நிறையப் போச்சு, விலக்கும் நின்னுபோச்சு என்று சொல்லச் சொல்ல அந்தப் பெண் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அப்போதே ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னார்.

நோயின் பெயர் ஷீஹான் சிண்ட்ரோம். மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில், எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. எடை அரை கிராம்தான். கர்ப்பத்தில் அது பெரிதாகும், ரத்தமும் கூடுதலாக வேண்டும். பிரசவத்தில் உதிரம் ஒரேயடியாகப் போனால் அதற்கு ரத்தம் எட்டாமல் திசு செத்துவிடுகிறது. பால் சுரக்கச் செய்வது, சினைப்பைக்குச் சொல்வது, தைராய்டுக்குச் சொல்வது, அட்ரினலுக்குச் சொல்வது எல்லாம் அதன் வேலை என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் படுத்துவிட்டன. எம்ஆர்ஐயில் அந்தக் குழி கிட்டத்தட்டக் காலியாகத் தெரிந்தது.

ஊசி போட்ட மறுநாளே எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். "அவ பசின்னு சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு" என்று பாட்டி வார்டிலேயே அழுதுவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி எங்கோ காட்டி எங்கோ பிடிபட்டது உண்டா? சொல்லுங்கள்.

குமாரி_72

மலர், படித்துவிட்டு மனசே சரியில்லை. ஒரு சந்தேகம். அத்தைக்கு நடுவில் தைராய்டு டெஸ்ட் எடுக்கவே இல்லையா? குளிர், தூக்கம், புருவம் உதிர்வது எல்லாம் தைராய்டு மாதிரிதானே இருக்கிறது?

செங்கோட்டை மலர்

எடுத்தார்கள் அக்கா. டிஎஸ்ஹெச் மட்டும். நார்மல் என்று வந்தது, ஃபைலில் வைத்துவிட்டோம்.

லேப் ராஜா

லேபில் ரிப்போர்ட் பார்க்கிறவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

டிஎஸ்ஹெச் தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதில்லை. பிட்யூட்டரி தைராய்டுக்கு அனுப்பும் தாக்கீது அது. மொட்டைமாடித் தொட்டியில் மிதவை போட்டு மோட்டாரை இணைத்திருப்போம் இல்லையா? தண்ணீர் இறங்கினால் மிதவை சொல்லும், மோட்டார் ஓடும், நிறைந்தால் நின்றுவிடும். தைராய்டு சுரக்கும் தைராக்சின் தண்ணீர், தைராய்டு மோட்டார், பிட்யூட்டரி மிதவை. பெரும்பாலானவர்களுக்கு மோட்டார்தான் பழுதாகும். அப்போது மிதவை கத்திக்கொண்டே இருக்கும், அதாவது டிஎஸ்ஹெச் ஏறும். அதனால்தான் முதலில் அதைப் பார்க்கிறோம், அது தப்பில்லை. ஆனால் மிதவையே உடைந்துவிட்டால் தொட்டி காய்ந்து கிடந்தாலும் சத்தமே வராது. அத்தைக்கு அதுதான். டிஎஸ்ஹெச்சோடு ஃப்ரீ டி4ஐயும், அதாவது ரத்தத்தில் இருக்கும் தைராக்சினையும் சேர்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போதும் அவருக்கு மாத்திரை அளவை ஃப்ரீ டி4 பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், டிஎஸ்ஹெச்சை வைத்து அல்ல.

இன்னொன்று. இந்த மாதிரி நோயாளிக்கு முதலில் கார்ட்டிசால் ஹார்மோனுக்கு மாற்றான ஸ்டீராய்டு கொடுத்துவிட்டுத்தான் தைராக்சின் தொடங்க வேண்டும். தைராக்சின் ஏறினால் உடம்பு கார்ட்டிசாலை வேகமாகச் செலவழிக்கும். இருப்பே இல்லாதவருக்கு அது ஆபத்து. அந்த டாக்டரம்மா வரிசை தெரிந்து செய்திருக்கிறார்.

பொதுவாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு: கூடத்தில் உட்கார்ந்து மாத்திரையையும் டிகிரி காபியையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு டிஎஸ்ஹெச் ஏன் இறங்கவில்லை என்று எங்களிடம் சண்டைக்கு வராதீர்கள். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு, அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஒன்றும் வேண்டாம். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டெஸ்ட்டுக்கு அர்த்தம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்குமுன் சொல்லிவிடுங்கள், சில மெஷின்களில் கணக்கையே குழப்பிவிடும்.

காரைக்குடி சேது

எங்கள் அப்பா கதை வேறு மாதிரி. அவருக்குச் சுரப்பி பழுதாகவில்லை, நாங்கள் தூங்கவைத்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னார்.

முழங்கால் வலி. ஊருக்கு ஊர் வரும் ஒரு வைத்தியர் பொடி கொடுத்தார். சின்ன டப்பா, ஒரு மாதத்துக்கு. மூன்றாம் நாளே அப்பா மாடிப்படி ஏறினார். ஊரே அந்த வைத்தியரிடம் வரிசை கட்டியது, அப்பாவே பத்துப் பேரைக் கூட்டிப்போயிருப்பார். பசி நன்றாக எடுத்தது, கன்னம் உப்பியது. "சம்பந்தி வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு" என்று கேலி பேசினோம். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தொந்தி மட்டும் பெருத்து, கையும் காலும் சூம்பிப் போனது. முன்கையில் லேசாகக் கதவு இடித்தாலே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டும். தோல் வெங்காயச் சருகு போல இருந்தது. இல்லாத சர்க்கரை வந்தது.

சர்க்கரைக்குப் பார்க்கப் போன இடத்தில், அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே டாக்டர் "என்ன பொடி சாப்பிடறீங்க ஐயா?" என்றார். அப்பாவுக்கு ரோஷம். வீட்டுக்கு வந்து டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு அன்றோடு நிறுத்திவிட்டார். அதுதான் வினையாகப் போனது. நாலைந்து நாளில் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நின்றால் விழுகிறார். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தது.

அட்ரினல் சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. ஒவ்வொன்றும் 4, 5 கிராம்தான். கார்ட்டிசால் அங்கிருந்து வருகிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு தினமும் உள்ளே போனால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளையும் பிட்யூட்டரியும் அட்ரினலுக்கான தாக்கீதை, அதாவது ஏசிடிஹெச்சை, அனுப்புவதை நிறுத்திவிடும். சொல்வாரில்லாமல் அட்ரினல் சுருங்கிப்போகும். திடீரென்று பொடியை நிறுத்தினால் உடனே விழித்துக்கொள்ளாது. அப்பாவுக்குக் காலை எட்டு மணிக்கு எடுத்த கார்ட்டிசால் அடிமட்டத்தில் இருந்தது. டாக்டர் அளவு தெரிந்த மாத்திரையாகத் தொடங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. 1948இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் நடக்கவே முடியாமல் கிடந்த மூட்டுவாத நோயாளி கார்ட்டிசோன் போட்ட சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் அதற்காக நோபல் பரிசே கொடுத்தார்கள். அதே மருந்து பேர் இல்லாத டப்பாவில், அளவு தெரியாமல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் அப்பா.

தஞ்சை பார்த்தி

சேது சார், எங்கள் தம்பிக்கு நேர் எதிர். அவனுக்கு அட்ரினலே அரிக்கப்பட்டுவிட்டது, காசநோயால். நுரையீரலில் முன்னமே வந்து சரியானது, அட்ரினலில் உட்கார்ந்திருந்தது தெரியாது.

அவன் கறுத்துக்கொண்டே போனான். பைக்கில் மார்க்கெட்டிங் வேலை, வெயிலில் அலைகிறான் என்று விட்டுவிட்டோம். ஆனால் வெயில் படாத இடமும் கறுத்தது. உள்ளங்கை ரேகை மை தடவியது மாதிரி, ஈறில் கருந்திட்டு. இன்னொன்று, உப்பு வெறி. ஊறுகாய் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவான். அம்மா ஒளித்து வைத்தால் அடுக்களையில் கல்லுப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். அட்ரினலில் இருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் குறைந்ததால் உடம்பு உப்பைப் பிடித்து வைக்க முடியாமல் சிறுநீரில் விட்டுக்கொண்டிருந்தது.

கறுப்பதற்குக் காரணம் கேட்டேன். அட்ரினல் பதில் சொல்லாததால் பிட்யூட்டரி ஏசிடிஹெச்சை அள்ளி அனுப்புகிறது. தோலைக் கறுக்க வைக்கும் ஹார்மோனும் ஏசிடிஹெச்சும் ஒரே மூலப் புரதத்திலிருந்து பிறப்பவை. இப்போது மலருடைய அத்தை ஏன் வெளுத்தார் என்று பாருங்கள். அவருக்கு அனுப்புகிற இடமே போய்விட்டது. லண்டனில் தாமஸ் அடிசன் 1855இல் இந்த நோயை எழுதியபோது அவர் கவனித்ததும் இந்தக் கறுப்பைத்தான்.

சும்மா_ஒருவன்

எல்லாரும் சொல்வது சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஆளாளுக்கு "ஹார்மோன் பேக்கேஜ்" எடுக்க ஓடாதீர்கள். என் மனைவி ஆஃபர் பார்த்து ஒன்று எடுத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். ரிப்போர்ட்டில் கார்ட்டிசால் குறைவு என்று சிவப்பு எழுத்து. இரண்டு நாள் வீட்டில் அடுப்பெரியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். கார்ட்டிசால் விடியற்காலையில் ஏறி, பகல் போகப் போக இறங்கி, நடுராத்திரியில் தரைக்கு வந்துவிடும். சாயங்கால ரத்தத்தைக் காலை அளவோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் இருக்கும். அறிகுறி இல்லாமல் டெஸ்ட் எடுப்பதும் ஒரு வியாதிதான் என்பது என் கட்சி.

லேப் ராஜா

சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் பிழைப்புக்கு ஆகாது, ஆனாலும்.

விஜி டீச்சர்

என்னுடையது சின்னது. கழுத்தில் கட்டி, தைராய்டை முழுசாக எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் ராத்திரி உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மயக்க மருந்தின் மிச்சம் என்று சும்மா இருந்தேன். அப்புறம் விரல் நுனி மரத்தது. பிபி பார்க்க நர்ஸ் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்ததும், என் கை தானாக வளைந்தது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற விரல்கள் விறைத்து நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் செய்யவில்லை, என் கைதான் செய்தது. நிமிர்த்தப் பார்க்கிறேன், முடியவில்லை. அந்த நர்ஸ் பதறாமல் "கால்சியம் இறங்குது மேடம், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். நெஞ்சில் மானிட்டர் மாட்டி, கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக ஏற்றினார்கள்.

தைராய்டின் பின்பக்கம் அரிசி அளவில் பாராதைராய்டு பொதுவாக நாலு இருக்கும். தைராய்டோடு பெயர்தான் ஒட்டு, வேலை வேறு. ரத்தத்தில் கால்சியத்தை டெசிலிட்டருக்கு 8.5இலிருந்து 10.5 மில்லிகிராமுக்குள் வைத்திருப்பது அதன் பொறுப்பு. குறைந்தால் எலும்பிலிருந்து எடுக்கும், சிறுநீரில் போகவிடாமல் பிடிக்கும். தைராய்டை எடுக்கும்போது அதன் ரத்த ஓட்டம் கொஞ்சம் கலைந்தாலே சில நாள் மயங்கிக் கிடக்கும். எனக்குச் சில வாரத்தில் விழித்துக்கொண்டது, கால்சியம் மாத்திரை நின்றது.

வகுப்பில் சொல்ல ஒரு துணுக்கு கிடைத்தது. இந்தச் சுரப்பியை முதலில் பார்த்தது மனித உடம்பில் இல்லை. 1849இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த உடற்கூறு அறிஞர் ரிச்சர்ட் ஓவன் அதன் கழுத்தில் கண்டார். மனிதரில் அதை விவரித்தவர் ஸ்வீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த சாண்ட்ஸ்ட்ரோம், 1880இல். எட்டாம் வகுப்பு வால்பையன்கள் காண்டாமிருகம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

செங்கோட்டை மலர்

டீச்சர், அந்தக் கை விறைத்ததைப் படிக்கும்போது எனக்கே விரலை மடக்கிப் பார்க்கத் தோன்றியது. நர்ஸ் யாராவது இருந்தால் ஒன்று கேட்க வேண்டும். அத்தை இந்த ஐப்பசியில் சஷ்டி விரதம் இருப்பேன் என்று பிடிவாதம். ஆறு நாளும் பாலும் பழமும்தானாம். மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டால் போதுமா?

ஸ்டாஃப் நர்ஸ் ஜெயா

எண்டோகிரைன் ஓபியில், அதாவது ஹார்மோன் நோய்களைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன் மலர். அவருடைய டாக்டரைக் கேட்காமல் விரதம் வேண்டாம். அவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரையும் இறங்கும், பிபியும் இறங்கும். கார்ட்டிசால்தான் பட்டினியில் தாங்கிப்பிடிப்பது, அது அவரிடம் மாத்திரையாக மட்டுமே இருக்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோனை ஒருவேளைகூடத் தவறவிடக் கூடாது. காலையில் எழுந்ததும் பெரிய பங்கு, மற்றது மதியமும் சாயங்காலமும் சீட்டில் இருக்கிறபடி.

விரதத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவை இரண்டு மடங்காக்க வேண்டும், காய்ச்சல் விடும்வரை. இதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள். 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே போக வேண்டும். பல், கண் என்று எந்தச் சின்ன ஆபரேஷன் என்றாலும் முன்பே சொல்லிவிட வேண்டும். "எனக்கு பிட்யூட்டரி வேலை செய்யாது, ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு அட்டையில் எழுதி அத்தையின் சுருக்குப்பையில் போடுங்கள். சேது சார் அப்பாவுக்கும் மருந்து முழுசாக நிற்கும்வரை, நின்ற பிறகும் கொஞ்ச காலத்துக்கு, இதே விதிதான்.

செங்கோட்டை மலர்

எழுதிவிட்டேன் அக்கா. அத்தை வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். விரதத்துக்கு டாக்டர் தலையாட்டவில்லை. ஒருவேளை சாப்பாட்டை மட்டும் விட்டால் என்ன என்று இப்போது பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.