கன்னுக்குட்டிக்கு கழிச்சல், இப்போ பையனுக்கும்

கேள்வி:
மாடு கன்னு போட்டு 10 நாள் ஆச்சு, கன்னுக்கு தண்ணியா கழியுது, இப்போ 5 வயசு பையனுக்கும் அதே மாதிரி போகுது, அவன்தான் எந்நேரமும் கன்னு வாயில வெரல விட்டு வெளையாடுவான். பூச்சி மாத்திரை குடுத்தும் நிக்கல. ஒட்டுமா இது?

பதில் 1:
ஒட்டும்ங்க. ஒரு மாசத்துக்குள்ள இருக்கற கன்னுக்கு கிரிப்டோஸ்போரிடியம் அடிக்கடி வரும், அது புழு இல்ல, ஒத்தை செல் கிருமி, அல்பெண்டசோல் மாதிரி பூச்சி மாத்திரைக்கெல்லாம் கேக்காது. டாக்டர்கிட்ட கன்னு விஷயத்தையும் சொல்லுங்க, சாதா மல டெஸ்ட்ல பெரும்பாலும் மாட்டாது, தனியா கேட்டு பாக்கணும்.

பதில் 2:
பிளீச்சிங் பவுடர நம்பாதீங்க, அதுல இருக்கற குளோரினுக்கு இந்த கிருமி அசையாது, சானிடைசரும் வேஸ்ட். கைய சோப்பு போட்டு தேய்ச்சு கழுவணும், தண்ணிய கொதிக்க வெச்சுதான் குடிக்கணும்.

கேட்டவர்:
அடக்கடவுளே, மூணு நாளா பிளீச்சிங்தான் கொட்டிட்டு இருக்கேன். ஓஆர்எஸ் குடுத்துட்டு இப்பவே கூட்டிட்டு போறேன்ங்க.