ஆல்ஃபா ஹெலிக்ஸ் மாடல் கட்ட உதவி தேவை

வணக்கம். மகள் சிங்கப்பூரில் ஜேசி (ஜூனியர் காலேஜ்) முதலாம் ஆண்டு, ஏ-லெவலுக்கான எச்2 பயாலஜி படிக்கிறாள். புரதத்தின் இரண்டாம் நிலை அமைப்பில் (அமினோ அமிலச் சங்கிலி மடியும் விதம்) ஆல்ஃபா ஹெலிக்ஸ் என்ற சுருள் வந்திருக்கிறது. பாடப் படத்தில் வெறும் ரிப்பன் சுருள்தான். உள்ளே எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது தெரிவதே இல்லை. அதனால் அணு அணுவாகக் கட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.

அளவுகள் கையில் உள்ளன: வலச்சுழிச் சுருள், சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள், ஒரு சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம், மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). ஓர் அமினோ அமிலத்தின் கார்பனைல் (சி=ஓ) ஆக்சிஜன், நான்கு இடம் தள்ளியிருக்கும் அமினோ அமிலத்தின் என்-எச்சோடு (நைட்ரஜனும் அதோடு ஒட்டிய ஹைட்ரஜனும்) ஹைட்ரஜன் பிணைப்பு போடும். பக்கச் சங்கிலிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாலிங், கோரி, பிரான்சன் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1951-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்!

சிக்கல் புரோலின் என்ற அமினோ அமிலத்தில். பெப்டைடு சங்கிலிக்குள் அதற்கு என்-எச் இல்லை. நடுவில் வந்தால் சுருள் வளைந்துவிடும், சரி. முதல் சுற்றில் வந்தால் மட்டும் ஏன் பரவாயில்லை? அங்குள்ள என்-எச்களுக்குச் சுருளுக்குள் ஜோடி கிடையாது என்பது மட்டும்தான் காரணமா? உயிர்வேதியியல் படித்தவர்கள் விளக்கினால் நன்று.

அப்புறம், பந்தும் குச்சியுமாக வரும் மூலக்கூறு மாடல் செட் யாரிடமாவது இரவலுக்குக் கிடைக்குமா? மூன்று சுற்றாவது கட்ட வேண்டும், ஒரு செட் போதாது. புத்தகக் கடைகள் உள்ள பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் விற்கிறார்களா? ஜூன் விடுமுறைக்குள் திருப்பித் தந்துவிடுவோம். தெம்பனிஸ் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், கோப்பி என் செலவு.