ஆறு மணிக்குப் பையைத் தூக்குகிறார்களாம்: வங்கி மூத்தவர்களுக்கு ஒரு கேள்வி

நாலாம் சனி

நம் வங்கி ஊழியர் இணைய மன்றத்தின் ஓய்வுபெற்றோர் பகுதியில் 'பேரேடு' ஐயா நேற்று எழுதியதைப் படித்தேன். "இன்றைய இளம் அதிகாரிகளுக்குப் பொறுப்பு கிடையாது. ஆறு மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நாங்கள் 80களில் இரவு எட்டு, ஒன்பது வரை உட்கார்ந்து நாளேட்டை (அன்றைய வரவு-செலவுப் பதிவேட்டை) நேர்செய்துவிட்டுத்தான் எழுந்தோம். கண்டிப்பு ஒன்றுதான் இவர்களுக்கு மருந்து" என்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்படி உட்கார்ந்ததற்கு ஓ.டி. (கூடுதல் நேர ஊதியம்) வாங்கினீர்களா, இல்லையா? நான் 2019இல் சேர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை காணொலிக் கூட்டம் நடக்கிறது. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "இன்று எத்தனை காப்பீட்டு பாலிசி?" என்று விசாரணை வருகிறது. எதற்கும் ஒரு பைசா கிடையாது. எங்களுக்குப் பொறுப்பைப் பற்றிப் பாடம் எடுக்கும் முன் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பேரேடு

தம்பி, அதிகாரிகளுக்கு ஓ.டி. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. அது எழுத்தர்களுக்கும் கடைநிலை ஊழியர்களுக்கும் உரியது. 1979ஆம் ஆண்டு அதிகாரிகள் பணி விதிமுறைகளைப் படித்துவிட்டு வாருங்கள். நான் கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன்.

நாளேட்டில் பத்துப் பைசா இடித்தாலும் வீட்டுக்குப் போக மாட்டோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று பொருள். வகுபடாவிட்டால் அதைப் பாதியாக்கி, அந்தத் தொகை பற்றில் எழுத வேண்டியது வரவில் விழுந்திருக்கிறதா என்று தேடுவோம். இன்று எத்தனை பேருக்கு இது தெரியும்? திரை உறைந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கூண்டுக் காசாளர்

மேலாளராக ஓய்வு பெற்றீர்கள், சரி. மேலாளராகவேயா பிறந்தீர்கள்?

பேரேடு சார் எழுத்தராகச் சேர்ந்து பதவி உயர்வு பெற்றவர் என்று அவரே இங்கே பழைய உரையாடல் ஒன்றில் எழுதியிருக்கிறார். பேரேடுகளை நேர்செய்ய மாலையில் உட்கார்ந்தால் ஓ.டி. உண்டு என்பது அந்தக் காலத்தில் கிளையில் டீ வாங்கி வந்த பையனுக்குக்கூடத் தெரியும். அந்தப் பணத்தில் தையல் இயந்திரம் வாங்கியவர்களும் உண்டு, மனை வாங்கியவர்களும் உண்டு. நானும் வாங்கியிருக்கிறேன், உழைத்து வாங்கியது என்பதால் சொல்லக் கூசவில்லை. பொறுப்பினால் உட்கார்ந்தோம் என்று கதை விட வேண்டாம்.

பேரேடு

வந்துவிட்டாரா சங்கத் தலைவர்! கணினியே கூடாது என்று கொடி பிடித்தவர்கள் இன்று இளைஞர்களுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். உங்களால்தான் நம் வங்கிகள் தனியாரை விடப் பத்து ஆண்டு பின்தங்கின.

ஓ.டி.க்காக நான் உட்காரவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

கூண்டுக் காசாளர்

கணினியை எதிர்த்தோம், பிறகு 1983, 1987, 1993 என்று மூன்று உடன்பாடு போட்டுப் படிப்படியாக ஏற்றோம். அப்படிச் செய்ததால்தான் ஓர் ஊழியருக்கும் வேலை போகவில்லை. அந்த வேலையில் இருந்துதான் நீங்கள் ஓய்வூதியம் வாங்குகிறீர்கள். ஓய்வூதியத்தையும் சங்கம்தான் 1993இல் பேசி வாங்கிக் கொடுத்தது. அப்போது நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

'ஓ.டி.க்காக உட்காரவில்லை' என்பது வேறு, 'ஓ.டி. வாங்கவில்லை' என்பது வேறு. கேள்வி இரண்டாவது.

நீலகிரி ரயில்

நான் 2008இல் சேர்ந்தவள், இப்போது கிளை மேலாளர். ஒரு பக்கம் ஓய்வுக்கு இரண்டு ஆண்டு பாக்கியிருக்கும் சிறப்பு உதவியாளர் (மூத்த எழுத்தர்), மறுபக்கம் 24 வயது பயிற்சி அதிகாரி. நடுவில் என்னைத் தவிர ஆளே இல்லை. இது ஏன் என்று யாராவது யோசித்தீர்களா? 90களில் ஆள் எடுப்பது ஏறக்குறைய நின்றுபோயிற்று. 2000-01 விருப்ப ஓய்வில் நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். 2001இல் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்களையே கலைத்துவிட்டார்கள். மறுபடி பெருமளவில் ஆள் எடுக்கத் தொடங்கியபோது, சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒரு தலைமுறையே கிளைகளில் இல்லை. ஒன்பதால் வகுக்கும் வித்தையை இந்தப் பையனுக்கு யார் கற்றுக்கொடுத்திருக்க முடியும்? அவனுக்கும் பேரேடு சாருக்கும் இடையில் இருந்திருக்க வேண்டியவர்கள் வேலைக்கே எடுக்கப்படவில்லை.

என் கிளையில் நான் செய்வது இதுதான். புதிதாக வருபவரை முதல் மாதத்திலேயே காப்பீடு விற்க அனுப்புவதில்லை. நகைக்கடன் மேசையில் அந்தச் சிறப்பு உதவியாளருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். மூன்றே வாரத்தில் யார் நகையைத் திருப்ப வருவார், யார் வட்டி மட்டும் கட்டிவிட்டு மறுஅடகு வைப்பார் என்பது வரை பிடிபட்டுவிடுகிறது. பெரியவருக்கும் தன்னை ஒருவர் மதிக்கிறார் என்ற நிறைவு. கண்டிப்பு தேவைப்படவில்லை.

அது சரி, 'இளையவர்' என்று எந்த வயது வரை சொல்கிறீர்கள்? எனக்கு 40 ஆகிறது. மண்டல அலுவலகம் என்னையும் 'இளைஞர் அணி'யில்தான் சேர்த்திருக்கிறது.

வாடிக்கையாளன்

ஆறு மணியோ எட்டு மணியோ, எங்கள் ஊர்க் கிளையில் பாஸ்புக் பதியும் இயந்திரம் தீபாவளியிலிருந்து வேலை செய்யவில்லை. கேட்டால் இளையவர் பெரியவரைக் காட்டுகிறார், பெரியவர் இளையவரைக் காட்டுகிறார். இதற்கு எந்தத் தலைமுறை பொறுப்பு?

பேரேடு

நீலகிரி ரயில் அம்மா, நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார வைத்தால் கற்றுக்கொள்ள வேண்டுமே! காதில் ஒலிப்பானை மாட்டிக்கொள்கிறார்கள். என் கடைசி ஆண்டில் ஒரு பயிற்சி அதிகாரியிடம் வாடிக்கையாளர் கையெழுத்து ஒன்றைச் சரிபார்க்கச் சொன்னேன். "இது என் வேலைப் பட்டியலில் இல்லை" என்றார். நாங்கள் அப்படிச் சொல்லியிருந்தால் மறுநாளே ராமநாதபுரத்துக்கு மாற்றல்தான்.

பைசா கிடையாது, பைசா கிடையாது என்கிறீர்கள். 2020 ஊதிய உடன்பாட்டில் ஊக்கத்தொகையும் கொடுத்துவிட்டார்களே. நாங்கள் எதை வாங்கினோம்?

நாலாம் சனி

ஓ.டி. வாங்கினீர்கள்.

அந்த ஊக்கத்தொகை வங்கி மொத்தத்தின் செயல்பாட்டு லாப வளர்ச்சியை வைத்துத் தருவது. அந்த 2020 உடன்பாட்டின்படி 5 விழுக்காட்டுக்குக் குறைவாக வளர்ந்தால் ஒன்றும் இல்லை. 15 விழுக்காட்டைத் தாண்டினால் அதிகபட்சம் 15 நாள் ஊதியம். இரவு ஒன்பது வரை உட்கார்ந்தவனுக்கும் மூன்று மணிக்கே காணாமல் போனவருக்கும் அதே நாள் கணக்குதான். இதைக் காட்டி யாரை எப்படி ஊக்கப்படுத்துவீர்கள்?

இன்னொன்று. பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், மற்றது என்னிடம். பணம் எண்ணி முடித்துப் பெட்டகம் பூட்டும் வரை நான் நகரவே முடியாது. கணக்கு முடிப்பதை மையக் கணினி பார்த்துக்கொள்கிறது. ஆறு மணிக்கு நான் பையைத் தூக்குகிறேன் என்றால் வேலை முடிந்துவிட்டது என்று பொருள். முடிந்த பிறகும் மேலாளர் எழும் வரை உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பொறுப்பா?

நீலகிரி ரயில் மேடம், உங்களுக்கு மரியாதையுடன் சொல்கிறேன். நீங்கள் 2010 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியம் உண்டு. அதற்குப் பிறகு வந்த எங்களுக்குப் புதிய திட்டம், சந்தை எப்படிப் போகிறதோ அப்படி. ஒரே கிளையில் ஒரே வேலை, பாதுகாப்பு மட்டும் வேறு. அதனால் நீங்களும் அந்தப் பக்கத்துக்காரர்தான்.

நீலகிரி ரயில்

அப்படியா? உன் பக்கம் பேச வந்த ஒரே மேலாளர் நான். என்னையும் எதிரணியில் தள்ளிவிட்டாய். நன்றி. ஓய்வூதிய விதியை நான் எழுதவில்லை.

பேரேடு

பார்த்தீர்களா அம்மா? இதைத்தான் சொன்னேன். நன்றி விசுவாசம் கிடையாது. தட்டிக்கொடுத்தால் தலையில் ஏறி உட்காருவார்கள். கண்டிப்பு ஒன்றுதான் மருந்து.

நீலகிரி ரயில்

நான் உங்கள் பக்கமும் இல்லை சார். ராமநாதபுரத்துக்கு மாற்றுவேன் என்று மிரட்டுவதெல்லாம் உங்கள் காலத்தோடு போகட்டும். அங்கேயும் கிளை நடக்கிறது, அங்கேயும் மக்கள் இருக்கிறார்கள். அந்த ஊர் என்ன தண்டனையா?

கூண்டுக் காசாளர்

எனக்குச் சொந்த ஊரே ராமநாதபுரம்தான். பேரேடு சார் இதற்கும் சேர்த்துப் பதில் சொல்லட்டும்.

பேரேடு

ஊரை நான் இழிவாகப் பேசவில்லை. தூரத்தைச் சொன்னேன். திரித்துப் பேசுவது சங்கத்துக்காரர்களுக்குக் கைவந்த கலை.

ஓ.டி. விவகாரத்துக்கு முடிவு கட்டுகிறேன். பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து 1986ஆம் ஆண்டுச் சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்துவிட்டேன். அடிப்படை ஊதியம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி. ஓ.டி. என்று ஒரு வரிகூடக் கிடையாது. படமெடுத்துப் போடவா?

நாலாம் சனி

1986இல் நீங்கள் அதிகாரியா, எழுத்தரா?

பேரேடு

அதிகாரி. அதைத்தானே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அதிகாரிகளுக்கு ஓ.டி. கிடையாது.

கூண்டுக் காசாளர்

1982ஆம் ஆண்டுச் சீட்டைப் போடுங்கள்.

வாடிக்கையாளன்

பாஸ்புக் இயந்திரம் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பேரேடு

1982ஆம் ஆண்டுச் சீட்டைக் கேட்க நீங்கள் என்ன தணிக்கையாளரா? இருக்கிற சீட்டைக் காட்டினால் இல்லாத சீட்டைக் கேட்கிறீர்கள். இப்படித்தான் நீங்கள் அன்றும் பேச்சுவார்த்தை மேசையில் விடியற்காலை வரை இழுத்தடித்தீர்கள்.

கூண்டுக் காசாளர்

அந்த மேசைக்கு எங்களுக்கு ஓ.டி. கிடையாது சார். 1982?