18 மீட்டர் ஆழத்தில் ஒரு நிலநடுக்கம்: அந்தமான் அனுபவங்கள்

ஹேவ்லாக்கில், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீப்பில், டைவ் மாஸ்டராக, அதாவது கடலுக்கடியில் நீந்த வருபவர்களை அழைத்துப் போகிறவனாக இருக்கிறேன். எங்கள் தீவுகளில் நில அதிர்வு புதிதில்லை. கட்டில் ஆடும், ஃபேன் ஆடும், எல்லோரும் தெருவுக்கு வந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டு உள்ளே போய்விடுவோம். ஆனால் தண்ணீருக்கடியில் அதைச் சந்தித்த நாளை இங்கே எழுதியே ஆக வேண்டும். அன்று நாங்கள் ஒரு தவறு செய்தோம்.

என்னோடு நான்கு பேர். ஆழம் 18 மீட்டர். முதலில் வந்தது சத்தம்தான். பெரிய கப்பல் ஒன்று தலைக்கு மேலே போவதுபோல இருந்தது. அண்ணாந்து பார்த்தேன், எங்கள் படகின் அடிப்பகுதி மட்டும்தான் தெரிந்தது. காதில் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் அதிர்ந்தது. அடுத்து மணல். சல்லடையைத் தட்டும்போது மாவு துள்ளுமே, அதுபோல ஒரு அங்குலம் எழும்பி எழும்பி விழுந்தது. பவளப் பாறைமேல் மேய்ந்துகொண்டிருந்த பொடி மீன்களெல்லாம் ஒரே நொடியில் இடுக்குக்குள் போய்விட்டன. பதினைந்து நொடி இருக்கும். அப்புறம் ஒரே கலங்கல்.

ஒரு பெண் பயந்துபோய் மேல்நோக்கி உதைத்தார். அவர் காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்பை, ஃபின்னை, பிடித்து நிறுத்தினேன். மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். மூச்சை விடச் சொல்லிக் கையால் காட்டி, நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஏறினோம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற விடும் சேஃப்டி ஸ்டாப்பையும் முடித்தோம். அதிர்வு குறைந்த நேரமே இருந்ததால் அது சரி. ஒரு நிமிடம் நீடித்திருந்தால் அதை விட்டுவிட்டுப் படகில் ஏறியிருக்க வேண்டும். சேஃப்டி ஸ்டாப் நல்ல பழக்கம்தான், ஆனால் ஆழத்தில் அதிக நேரம் இருந்தவர்கள் நின்றே ஆக வேண்டிய டிகம்ப்ரெஷன் ஸ்டாப் மாதிரி கட்டாயம் இல்லை.

தவறு மேலே வந்த பிறகுதான் நடந்தது. கரையிலிருந்து படகோட்டிக்கு போன்: "நிலநடுக்கம், சீக்கிரம் வந்துடுங்க." நாங்களும் ஜெட்டியை, அதாவது படகுத்துறையைப் பார்த்து விரட்டினோம். அன்று அலை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நேராக அதன் வாயிலேயே போய் நின்றிருப்போம். 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆனால் அங்கே உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட இருக்காது, மேலே மிதக்கும் படகு உணரவே உணராது. 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். பின்னால் வரும் தண்ணீர் முன்னால் போவதன்மேல் ஏறிக் குவியும். அதனால் படகுக்கு ஆபத்து கரைதான். பவளப் பாறையை ஒட்டி இருக்கும் டைவருக்கும் ஆபத்துதான், நீரோட்டம் பாறையில் அடித்துவிடும்.

இப்போது ஒவ்வொரு டைவுக்கும் முன்னால் இதைப் பேசிவிடுகிறோம். ஏணியில் இரும்பால் விட்டுவிட்டு மூன்று முறை தட்டினால் எல்லோரும் மேலே வர வேண்டும். தலையை எண்ணிவிட்டு, நங்கூரக் கயிற்றில் மிதவையைக் கட்டி அவிழ்த்துவிட்டு, 100 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்துக்குப் போய்விடுவோம். ரேடியோவில் முறையான தகவல் வரும்வரை, எத்தனை மணி நேரமானாலும், திரும்புவதில்லை. குடிதண்ணீரும் கூடுதல் டீசலும் அதற்காகவே படகில் இருக்கின்றன.

*

டைவ் தம்பி, உங்கள் அனுபவத்தைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் போர்ட் பிளேர்க்காரி. ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறினாலும் வாயில் அதுதான் வருகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை 6:28. எங்களுக்கு ஜங்கிலிகாட்டில் வீடு. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆட்டம் நிற்கவே இல்லை. நிமிடக் கணக்கில் ஆடியது. மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் தளும்பித் தளும்பிச் சுவர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுனாமி என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. ஆட்டம் நின்றதும் தப்பித்தோம் என்று நினைத்து வீட்டுக்குள் போய் உடைந்த பாத்திரங்களைக் கூட்ட ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் போல ஆகியிருக்கும், கடல் தெருவுக்குள் வந்தது. அந்த நேரம் முழுவதையும் நான் துடைப்பத்தோடு கழித்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

அந்த முக்கால் மணி நேரம்கூட நிக்கோபாருக்குக் கிடைக்கவில்லை. அதே நாளில் லிட்டில் அந்தமானின் பழங்குடிகளான ஓங்கி மக்கள் உயரமான காட்டுப்பகுதிக்குப் போய்ப் பிழைத்தார்கள். அவர்களுக்கு யாரும் எஸ்.எம்.எஸ். அனுப்பவில்லை.

அலை போன பிறகும் கஷ்டம் தீரவில்லை. நம் தரையே இறங்கிவிட்டது, போர்ட் பிளேர் பக்கம் சுமார் ஒரு மீட்டர். சிப்பிகாட்டில் நெல் விளைந்த இடத்தில் அப்போதிலிருந்து கடல் தண்ணீர்தான். ஜெட்டிகள் உடைந்தன. அரிசி, மருந்து, டீசல் எல்லாம் கப்பலில் வர வேண்டிய ஊர் இது. போனும் செத்துப்போனது. நல்லவேளையாக அப்போது பாரதி பிரசாத் அம்மையாரின் ஹாம் ரேடியோ, அதாவது தன்னார்வ வானொலித் தொடர்புக் குழு இங்கே வந்திருந்தது. எத்தனையோ குடும்பங்களின் "உயிரோடு இருக்கிறோம்" என்ற செய்தி அவர்கள் வழியாகத்தான் வெளியே போனது.

அதிலிருந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை மாட்டியிருக்கிறேன். தண்ணீர், டார்ச், பேட்டரி ரேடியோ, விசில், வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரை, பிளாஸ்டிக் உறையில் ஆதாரும் பத்திரமும், தடித்த அடியுள்ள செருப்பு. டார்ச்சுக்குள் பேட்டரியைப் போட்டு வைக்காதீர்கள், கசிந்து கெட்டுவிடும். தனியாகக் கட்டி வையுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு தண்ணீரையும் மாத்திரையையும் மாற்றுகிறேன்.

2012 ஏப்ரல் 11-ஐயும் சொல்லிவிடுகிறேன். 8.6 ரிக்டர் என்றார்கள், மேட்டுக்கு ஓடினோம், மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம், பெரிய அலை வரவில்லை. "வீண் அலைச்சல்" என்று பலர் திட்டினார்கள். அன்று கடலடித் தரை பக்கவாட்டில் நகர்ந்தது, பெரிதாக மேலெழும்பவில்லை, அதனால் பிழைத்தோம். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? அடுத்த முறையும் ஏறத்தான் போகிறேன்.

*

கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயிலிருந்து, மேலே உள்ள இரண்டையும் படித்துவிட்டு எழுதுகிறேன். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் வேலை செய்கிறது, அது பெரிய பலம். சென்னைக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கும். எங்களுக்கோ நிலநடுக்கம் பிறக்கும் பிளவு காலடியில். செய்தி தயாராவதற்குள் அலையே வந்துவிடலாம். இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் 2004-ல் 4 மீட்டருக்கு மேல் இறங்கி, அதன் அடிப்பகுதி தண்ணீரில் நிற்பதை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கணக்கு ரொம்பச் சின்னது: நிற்க முடியாத அளவு ஆடினாலோ, இருபது எண்ணிய பிறகும் ஆட்டம் நிற்காவிட்டாலோ, போனைப் பார்க்காமல் மேடு.

அந்தப் படகுத் தம்பிக்கு ஒரு கேள்வி. நீங்கள் ஆழ்கடலில் மணிக்கணக்கில் நிற்பீர்கள், சரி. கரையில் இருக்கும் உங்கள் வீட்டார்?

*

அண்ணா, அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. நேற்று இரவுதான் மனைவியிடம் கேட்டேன். "உங்களைத் தேடி ஜெட்டிக்கு வருவேன்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. இன்று காலை மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டிலிருந்து பின்பக்க மேட்டுக்கு மூவரும் நடந்து பார்த்தோம். மகளின் நடைக்குப் பதினான்கு நிமிடம் ஆகிறது. பாதி வழியில் ஒரு வேலி குறுக்கே நிற்கிறது. தோட்டக்காரரிடம் பேசிவிட்டேன், நாளைக்கு அதில் ஒரு வழி விடுகிறார். நான் எங்கே இருந்தாலும் அங்கேதான் வந்து சேர்வேன் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.