தெக்குத்தெரு சொந்தங்கள்: பழைய பென்ஸுக்குப் புது ஸ்டீரியோ

தேவிபட்டினம் தம்பி: சித்தப்பா, 2005 பென்ஸ் இ கிளாஸ், டபிள்யூ211 மாடல். பழைய செட்டை எடுத்துட்டு ஆண்ட்ராய்டு செட் மாட்டணும். ஒயரை வெட்டி ஒட்டிரலாமா?

தொண்டி சித்தப்பா: வெட்டவே வெட்டாதடா. செட்டை இழுத்து பின்பக்க சாக்கெட்டை போட்டோ எடுத்துப் போடு. அதுக்கு முன்ன பேட்டரி மைனஸைக் கழட்டு. அது டிக்கிக்குள்ள இருக்கும், பானெட்டுல தேடாத.

தேவிபட்டினம் தம்பி: 📷

மண்டபம் மச்சான்: தூண்டில் நரம்பு மாதிரி ரெண்டு இழை வருதுல்ல மாப்ள? அது ஒயர் இல்ல, ஒளி போற பைபர். மோஸ்ட் லைன்னு பேரு. செட், ஆம்ப் (சத்தத்தைக் கூட்டுற பெட்டி), சிடி சேஞ்சர் எல்லாம் ஒரே வளையத்துல இருக்கு. செட்டை எடுத்தா வளையம் அறுந்துரும், ஆம்ப் வாயத் தொறக்காது.

தேவிபட்டினம் தம்பி: ஸ்பீக்கர் மூடியில ஹர்மன் கார்டன்னு போட்டிருக்கு மச்சான்

மண்டபம் மச்சான்: அப்ப தனி ஆம்ப் இருக்கு. செட்டோட பாட்டை ஒளியா மாத்தி ஆம்ப்புக்கு அனுப்புற மோஸ்ட் டீகோடர் பெட்டி கட்டாயம். சாதா ஹார்னஸ் (சாக்கெட்டுல மாட்டுற ஒயர் கட்டு) மட்டும் வாங்குனா படம் வரும், பாட்டு வராது.

பரமக்குடி அக்கா: பெட்டி செட்டோடயே வருமா?

மண்டபம் மச்சான்: கடைக்காரன்கிட்ட "ஹர்மன் ஆம்ப் உள்ள வண்டி"ன்னு மொதல்லயே சொல்லிக் கேக்கணும். பெரும்பாலும் தனி காசுதான்.

தொண்டி சித்தப்பா: ஆம்ப்பைத் தூக்கிட்டு ஸ்பீக்கருக்கு நேரா குடுக்கலாம்பாய்ங்க. மீட்டர்ல ஓம் (மின்தடை) பாக்காம ஒத்துக்காத. 4 ஓம் ஸ்பீக்கர் மூணேகால், மூணரைன்னு காட்டும், அது சரி. 2 ஓமுக்குக் கீழ காட்டுனா செட்டோட ஐசி சூடேறி தானா கட் ஆயிரும்.

மண்டபம் மச்சான்: பைபரை மடக்காத. வளைவு ஆரம் 25 மி.மீ.க்குக் குறையக்கூடாது. முனையில விரல் படக்கூடாது. லைன் உசுரோட இருந்தா முனையில சிவப்பு வெளிச்சம் தெரியும்.

தேவிபட்டினம் தம்பி: மஞ்சள், சிவப்பு ரெண்டையும் சேத்து முறுக்கிரவா?

தொண்டி சித்தப்பா: டேய்! சாவி எடுத்தாலும் செட் தூங்காது, வண்டிய நாலு நாள் நிறுத்துனா பேட்டரி படுத்துரும். மஞ்சள் நேரடி 12 வோல்ட். சிவப்பு சாவி போட்டா மட்டும் வர்ற கரண்ட், அதை கேன் பஸ் (வண்டி கம்ப்யூட்டருங்க பேசிக்கிற லைன்) பெட்டியிலருந்துதான் எடுக்கணும், ஸ்டீரிங் பட்டனும் அதுலதான் வேலை செய்யும். ரெண்டும் மாறிப்போனா சாவி எடுக்கும்போதெல்லாம் ஸ்டேஷன் மறந்துரும். வேலை முடிஞ்சதும் வண்டியப் பூட்டி அரை மணி நேரம் விட்டு மீட்டர் வை. 50 மில்லியாம்புக்கு மேல இழுத்தா எங்கயோ தப்பு.

பரமக்குடி அக்கா: இவுக வண்டியில கொடைக்கானல் 100.5 கொரகொரன்னுதான் கேக்குது. அது ஏன்?

மண்டபம் மச்சான்: ஏரியல் ஆம்ப்புக்கு கரண்ட் போகல. ஏரியல் ஒயரைச் செட்டோட இணைக்கிற பாக்ரா அடாப்டர்ல ஒரு நீல ஒயர் இருக்கும், அதை செட்டோட ஏரியல் நீலத்துல குடுக்கணும். நிறைய பேர் அதை அனாதையா விட்டுர்றாக. இங்கன இலங்கை ஸ்டேஷனே கொரகொரத்தா சந்தேகமே வேண்டாம்.

தொண்டி சித்தப்பா: முக்கியமானது எர்த். நம்ம உப்புக்காத்துக்கு முறுக்கி டேப் சுத்துற வேலையெல்லாம் நிக்காது, செம்பு பச்சை பூத்துரும். கிரிம்ப் பண்ணி (இடுக்கியால நசுக்கி), உள்ள பசை வச்ச ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்குற குழாய்) போடு. எர்த் போல்ட் அடியில பெயிண்டை இரும்பு தெரியச் சுரண்டி, ரிங் டெர்மினலை இறுக்கிட்டு, அதுக்கு மேல கிரீஸ் பூசு. கிரீஸை மொதல்ல பூசிட்டு இறுக்காத. ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல ஊய்ங்னு ஏறுனா மொதல்ல எர்த்தைத்தான் பாக்கணும்.

தேவிபட்டினம் தம்பி: பேட்டரி மாட்டுனதும் ஈஎஸ்பி (வண்டி சறுக்காமப் பாத்துக்கிறது) லைட் எரியுமாமே?

மண்டபம் மச்சான்: எரியும். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீரிங்க இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒரு தடவை திருப்பு, அணைஞ்சுரும். ஜன்னல் கண்ணாடி தானா ஏறுறதும் மறந்துருக்கும், அதுக்கு கண்ணாடிய மேல ஏத்தி சுவிட்சை கொஞ்ச நேரம் பிடிச்சுக்க.

தொண்டி சித்தப்பா: டேஷை மூடுறதுக்கு முன்ன நாலு மூலை ஸ்பீக்கரையும் பேலன்ஸ் (இடம் வலம்), ஃபேடர் (முன் பின்) வச்சு தனித்தனியா கேளு.