பிரிக்காத ரோலாக நினைவு நாணயம்: வாங்கலாமா?

தேவகோட்டையான்:
எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டோடு தொடர்புள்ள அஞ்சு ரூபாய் நினைவு நாணயங்களை மட்டும் சேர்க்கிறேன். 2003 காமராஜர், 2009 அண்ணா, 2010 சி. சுப்பிரமணியம் மூணும் இருக்கு. எல்லாம் சில்லறையில் வந்தது, அதனால் தேய்மானம். இப்போ வாட்ஸ்அப் குழுவில் ஒரு வியாபாரி, தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு நாணயம் (2010) அம்பது நாணயம் ஒரே ரோலா, 'மின்ட் ரோல் (நாணயச்சாலையே அடுக்கி உறை போட்டது), பிரிக்காதது'ன்னு 1,400 ரூபாய் சொல்றார். முக மதிப்பு 250தான். உறையைப் பிரிச்சா மதிப்பு போயிடும், அப்படியே பத்து வருஷம் வச்சா பல மடங்கு ஏறும்ங்கிறார். வீட்டில் அப்பச்சியோ, "அஞ்சு ரூபாயை இருபத்தெட்டு ரூபாய்க்கு வாங்குறவன் வட்டிக்கடை வச்ச குடும்பத்தில் பிறந்தவனா?"ன்னு கேக்குறாக. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய கேஷியர், காரைக்குடி:
தம்பி, அப்பச்சி கணக்கு இருக்கட்டும். முதல்ல அந்த 'மின்ட் ரோல்' பேச்சைப் பார்ப்போம்.

நான் வங்கியில் காசு எண்ணியே தலை நரைச்சவன். என் காலத்தில் நாணயச்சாலையிலிருந்து காசு மூட்டையாத்தான் வரும். பத்து ரூபாய்னா மூட்டைக்கு 2,000 காசு. ஒரு காசு 7.71 கிராம், அப்போ மூட்டை பதினஞ்சு கிலோவுக்கு மேல. அதைப் பிரிச்சு நூறு நூறா பாலித்தீன் பையில் கட்டி கவுன்டரில் வைப்போம். உருட்டிச் சுத்தின ரோல் ஒண்ணுகூட என் கைக்கு வந்ததில்லை.

ரோல்ங்கிறது அமெரிக்கப் பழக்கம். அங்கே கடைக்காரங்க கல்லாவுக்கே காசை ரோலா வாங்குவாங்க. கால் டாலர்னா 40 காசு, ஒரு டாலர்னா 25. 1999லிருந்து 2008 வரைக்கும் மாநிலத்துக்கு ஒண்ணா அம்பது கால் டாலர் வெளியிட்டாங்களே, அதை அவங்க மின்டே ரோலாவும் வித்தது. அந்த வீடியோவெல்லாம் பார்த்துட்டு நம்ம வியாபாரிகளும் காசை அடுக்கி, பிளாஸ்டிக் உறை மாட்டி, சூடு காட்டி இறுக்கிடறாங்க. அடுக்கி விக்கிறதில் தப்பே இல்லை. தன் வீட்டில் போட்ட உறையை மின்ட் போட்ட உறைன்னு சொல்லி அதுக்கு ஒரு விலை வைக்கிறாரே, அங்கதான் எனக்குக் கோபம்.

சரி, அந்த ரோலில் உங்க கண்ணுக்கு என்ன தெரியும்? ரெண்டு முனையிலும் ஒவ்வொரு காசு. மிச்சம் 48ம் வெறும் விளிம்பு. எடை போட்டுப் பார்க்கலாமேன்னு தோணும். 6 கிராம் வீதம் அம்பது காசு 300 கிராம்; எண்ணிக்கை சரிதானான்னு அது சொல்லிடும். நடுவில் சாதா அஞ்சு ரூபாய் பத்து சொருகியிருந்தா தராசு காட்டாது, நிக்கல் பித்தளையில் அடிச்ச அதுவும் அதே 6 கிராம்தான். எந்த மின்ட் காசுன்னும் தெரியாது. வருஷத்துக்குக் கீழே சின்ன வைரக் குறி இருந்தா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், உருண்டைப் புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லேன்னா கொல்கத்தா. சேகரிக்கிறவனுக்கு முக்கியமே இதுதானே, அதை மூடி வச்சுட்டு எதுக்குக் காசு கொடுக்கணும்?

பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்ச்சுத் திருப்பினா, புதுசில் ஒளி நடுவிலிருந்து கீற்றுக் கீற்றா சுத்திக்கிட்டு வரும். புளி போட்டுத் தேய்ச்சதில் பளபளப்பு இருக்கும், ஆனா ஒளி நகராது. எழுத்தோட அடியிலயும் விமானத்து அடுக்குக்கு நடுவிலயும் கறுப்பு அப்படியே நிக்கும். எழுத்தும் உருவமும் இல்லாத வெறும் பரப்பில் பொடிப்பொடியா வெட்டு இருந்தா பயப்படாதீங்க. மூட்டைக்குள்ள காசோட காசு மோதினது அது. பிரிக்காத மூட்டையிலயும் இருக்கும்.

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்காரி:
அண்ணன் சொன்னது சரி. நான் விக்கிற பக்கத்திலிருந்து ஒண்ணு சொல்றேன். எங்க தெருவுக்குக் காசு தேடி வர்றவங்க மலாயா சதுரச் சென்ட்டும் பர்மாக் காசும் கேப்பாங்க. பெரிய கோயில் காசு கேக்குறவங்களும் உண்டு, ஒண்ணோ ரெண்டோதான். நாளைக்கே நீங்க அம்பதையும் விக்க வந்தா மொத்தமா எடுக்க ஆள் கிடையாது, நானும் எடுக்க மாட்டேன். ஒவ்வொண்ணா வித்துத் தீர்க்க எனக்கு ரெண்டு தீபாவளி ஆகும்.

இன்னொண்ணு, அந்த உறை. மெத்துன்னு இருக்கிற பி.வி.சி. பிளாஸ்டிக்னா காசுக்கு எமன். வளவு வீட்டு இரும்புப் பெட்டியில் வச்சுப் பூட்டிட்டா யாரும் திறந்து பார்க்கிறதில்லை. திறக்கிறப்போ காசு மேலே பச்சையா பிசுபிசுன்னு படிஞ்சிருக்கும். மைலார்ங்கிற பாலியஸ்டர் உறையோ பாலிபுரொப்பிலீன் குழாயோ வாங்குங்க, கூட சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு. அந்துருண்டை வேண்டவே வேண்டாம்.

பள்ளத்தூர் பத்து ரூபாய்:
எனக்கு ரோல் பிடிக்கும், சொல்லிட்டேன்! லாபத்துக்கு இல்ல, அடுக்கி வச்சுப் பார்க்கிற ஆசைக்குத்தான். ஆனா வங்கியில் நாணய மேளா போடறப்போ முக மதிப்புக்கே வாங்கி, நானே குழாயில் போட்டுக்குவேன். பத்து ரூபாய் நாணயம் 14 வடிவத்தில் வந்திருக்கு, எல்லாமே செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் சொல்லியும் நம்ம பக்கத்து பஸ்ஸில் கண்டக்டர் வாங்க மாட்டேன்னுட்டார். அதனால் என் சேகரிப்பு தானா வளர்ந்துச்சு.

வைஷ்ணோ தேவி உருவம் போட்ட காசுக்கு லட்ச ரூபாய்னு வர்ற வீடியோவை நம்பிடாதீங்க. தன் பேரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷன் கேக்குறாங்கன்னு ரிசர்வ் வங்கியே 2021ல் எச்சரிச்சிருக்கு.

தேவகோட்டையான்:
பிரிச்சுக் காட்டச் சொன்னேன். "பிரிச்சா நீங்க எடுத்தே ஆகணும்"னார். சரி, வச்சுக்கங்கன்னுட்டேன். கேஷியர் ஐயா, 2017 எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக் காசு சில்லறையில் ஒண்ணுகூடக் கண்ணில் படலையே?

பழைய கேஷியர், காரைக்குடி:
அதைச் சில்லறையில் தேடி நாளைக் கழிக்காதீங்க தம்பி, தனிக் காசாப் பார்த்து வாங்கிடுங்க. இனி புதுசா வர்றதுக்கு அரசு மின்டோட இணையதளத்தைப் பார்த்துக்கிட்டே இருங்க. அங்கேயே நேரா செட் விக்கிறாங்க, உறையும் அவங்க போட்டது. பெரிய கோயில் காசுக்கு முனீஸ்வரன் கோயில் தெரு ஆச்சி கடையில் கேளுங்க.

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்காரி:
நாலு இருக்கு. ரெண்டில் நட்சத்திரக் குறி. சனிக்கிழமை பத்தரைக்கு மேல வாங்க, பூதக்கண்ணாடி நான் தர்றேன்.